எந்த வழியாக உள்ளே வந்தார்கள்? ஸ்காட்லாந்தின் தேசியக் கலைத் தொகுப்பும் பெண் ஓவியர்களும்

2023 செப்டம்பர் 30 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்தின் புதிய பகுதி திறக்கப்பட்டது. நகரின் நடுவே 'தி மவுண்ட்' எனப்படும் மேட்டில் நிற்கும் பழைய கட்டடத்தின் அடியில் வேலை செய்து, பிரின்சஸ் தெருப் பூங்காவைப் பார்த்தபடி 12 கூடங்களை அமைத்திருந்தார்கள். செலவு ஏறத்தாழ 3.86 கோடி பவுண்டு. 1800 முதல் 1945 வரையிலான ஸ்காட்லாந்துக் கலைக்கென்றே ஒதுக்கிய இடம் அது.

அதற்கு முன்பு அந்தப் படங்கள் 1978இல் கட்டிய ஒரு நிலத்தடிப் பகுதியில் இருந்தன. வெளிச்சம் குறைவு. மேலே டிஷியன், ரெம்பிராண்ட், வெலாஸ்கஸ் என்று ஐரோப்பிய மேதைகளைப் பார்த்துக் களைத்தவர்களில் பலர் கீழே இறங்காமலே போய்விடுவார்கள். சொந்த நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தில் சொந்த நாட்டுக் கலைக்குக் கிடைத்தது கீழ்த்தளம்! அங்கேயும் பெண் ஓவியர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த ஆய்வு ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர்கிறது: அந்தத் தேசியத் தொகுப்புக்குள் பெண்களின் படைப்புகள் எந்த வழியாக வந்தன? எத்தனை சதவீதம் பெண்கள் என்ற கணக்கை உலகம் முழுக்கக் கலைக்கூடங்களில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது வேண்டியதுதான், ஆனால் சதவீதம் விளைவை மட்டும்தான் சொல்லும். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒட்டியிருக்கும் லேபிளின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். விலைக்கு வாங்கியது, இன்னார் கொடுத்தது, ஓவியரே உயிலில் எழுதிவைத்தது என்று. பார்வையாளர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. என்னைக் கேட்டால், ஒரு தொகுப்பை விசாரிக்க அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாங்காத காலம்

முதலில் கொஞ்சம் நிர்வாக வரலாறு. எடின்பரோவில் ஓவியர்கள் கூடி அகாடமி அமைத்தது 1826இல். பின்னாளில் அது ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி ஆனது. வில்லியம் பிளேஃபேர் வடிவமைத்த தேசியக் கலைக்கூடம் 1859இல் திறந்தது. இரண்டும் அக்கம்பக்கத்தில் நிற்கும் கட்டடங்கள். அகாடமிக்குள் நுழைய முடியாதவர் பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைவதும் கஷ்டம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல் ஆண்களுக்கும் சேர்த்தே இருந்தது. வாழும் ஓவியர்களின் படைப்புகளை வாங்கும் வழக்கம் தேசியக் கலைக்கூடத்தில் அப்போது கிட்டத்தட்ட இல்லை. இது சரியில்லை என்று நினைத்தவர்கள் சேர்ந்து 1907இல் ஸ்காட்டிஷ் மாடர்ன் ஆர்ட்ஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கி, தாங்களே சமகாலப் படங்களை வாங்கினார்கள். நவீனக் கலைக்கென்று அரசு ஒரு கூடத்தைத் திறக்க 1960 ஆகிவிட்டது. தாவரவியல் பூங்காவுக்குள் இருந்த இன்வர்லீத் ஹவுஸ் என்ற பழைய மாளிகைதான் அதன் முதல் இடம். 1984இல்தான் பெல்ஃபோர்டு சாலையில் ஜான் வாட்சன் பள்ளிக்கூடமாக இருந்த பெரிய கட்டடத்துக்கு மாறியது. சங்கம் சேர்த்த படங்களோ 1964இல் எடின்பரோ நகர நிர்வாகத்துக்குப் போய்விட்டன.

ஆகவே 1900க்கும் 1960க்கும் நடுவே ஸ்காட்லாந்தில் வேலை செய்த ஓவியர்களிடமிருந்து நாடு நேரடியாக வாங்கியது குறைவு. பிற்பாடு பின்னோக்கிப் பார்த்து வாங்கியபோது, ஏற்கெனவே பெயர் பெற்றவர்களைத்தான் முதலில் வாங்கினார்கள். ஏலச்சந்தையில் விலை போனவர்கள், புத்தகங்களில் இடம் பெற்றவர்கள், மாணவர்களை உருவாக்கிய பேராசிரியர்கள். இந்த மூன்று வரிசையிலும் பெண்கள் ஏன் பின்னால் நின்றார்கள் என்பதற்குக் காரணம் படங்களில் இல்லை, வேலை விதிகளில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உயில் எழுதிவைத்த பெண்

புதிய கூடங்களில் மக்கள் அதிகம் நின்று பார்க்கும் படைப்புகளில் ஒன்று ஃபீபி அன்னா ட்ரக்வேரின் 'ஓர் ஆன்மாவின் பயணம்'. ஆளுயரத்துக்கு நான்கு எம்பிராய்டரித் திரைகள். லினன் துணியில் பட்டு நூலாலும் தங்க நூலாலும் தைத்தவை. விலங்குத் தோல் போர்த்திய ஓர் இளைஞன் யாழ் வாசித்தபடி உலகுக்குள் நுழைகிறான். அடுத்த திரையில் இயற்கை அவனைத் தாக்கத் தொடங்குகிறது. மூன்றாவதில் யாழின் நரம்புகள் அறுந்து, அவன் துவண்டு கிடக்கிறான். நான்காவதில் மீட்கப்படுகிறான். 1890களின் நடுவிலிருந்து 1902 வரை இழுத்த வேலை. கிட்டப் போய்ப் பார்த்தால் உடலின் தசைகூட நூலின் போக்கிலேயே திரும்புவது தெரியும். தூரிகை செய்யும் வேலையை ஊசியால் செய்திருக்கிறார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தூரிகையால் இந்த மினுமினுப்பு வராது.

லேபிளின் கடைசி வரி: ஓவியரின் உயில்வழி, 1936. அவர் இறந்த ஆண்டு அது. நாடு வாங்கவில்லை. அவரேதான் கொடுத்துவிட்டுப் போனார்.

ட்ரக்வேர் 1852இல் டப்ளினுக்கு அருகே பிறந்தவர். மீன் புதைபடிவங்களை ஆராய்ந்த ராம்சே ட்ரக்வேர் என்ற ஸ்காட்லாந்து அறிவியலாளரைத் திருமணம் செய்து 1874இல் எடின்பரோ வந்தார். கணவரின் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மீன் எலும்புகளை வரைந்து கொடுத்தபடி வீட்டையும் மூன்று குழந்தைகளையும் கவனித்துக்கொண்டவர். 1885இல் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு வேலை வந்தது. இறந்த குழந்தைகளின் உடலை அடக்கத்துக்கு முன் வைத்திருக்கும் சின்ன அறை. முன்பு நிலக்கரி போட்டு வைத்த இடம். பெற்றோர் கடைசியாக உட்கார்ந்து அழும் அந்த அறையின் சுவரில் தேவதைகளையும் தாய்மார்களையும் வரைந்தார். சில ஆண்டுகளில் மருத்துவமனை இடம் மாறியபோது அந்தச் சுவரோவியங்களை விட்டுவிடக் கூடாது என்று போராடி, முடிந்தவற்றைப் பெயர்த்துப் புதிய கட்டடத்துக்குக் கொண்டுபோனார். பிறகு செயின்ட் மேரீஸ் கதீட்ரலின் பாட்டுப் பள்ளி, அதன் பிறகு மேன்ஸ்ஃபீல்டு பிளேஸ் தேவாலயத்தின் பிரம்மாண்டமான சுவர்கள். 1893 முதல் 1901 வரை சாரத்தில் ஏறி வேலை செய்திருக்கிறார். எம்பிராய்டரித் திரைகளும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் வளர்ந்தன.

அகாடமி என்ன செய்தது? 1900இல் அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது நிராகரித்தது. 1920இல், அவருக்கு 68 வயது ஆனபோது, கௌரவ உறுப்பினர் ஆக்கியது. கௌரவ உறுப்பினர் என்பது மாலை போட்டு உட்கார வைப்பது மாதிரி. ஓட்டுரிமை கிடையாது.

அவர் தேர்ந்த ஊடகங்களையும் பாருங்கள். சுவர், துணி, புத்தக ஓரம், எனாமல். 'நுண்கலை' என்று அந்தக் காலத்துக் கலைக்கூடம் வாங்கியது சட்டம் போட்ட எண்ணெய் ஓவியத்தைத்தான். எம்பிராய்டரியை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் தேவாலயத்துக்கு. தேசியக் கலைக்கூடம்தான் தன் திரைகளுக்குச் சரியான இடம் என்று ட்ரக்வேர் முடிவு செய்திருக்கிறார். அந்த உயிலை நான் ஒரு வாதமாகவே படிக்கிறேன். இன்று பார்வையாளர் கூட்டத்தைப் பார்த்தால் வாதத்தில் ஜெயித்தவர் அவர்தான்.

மாடல் வகுப்பும் கல்யாண விதியும்

19ஆம் நூற்றாண்டில் பெரிய ஓவியர் என்றால் வரலாற்றுக் காட்சி, புராணக் காட்சி வரைய வேண்டும். அதற்கு மனித உடலைத் தெரிந்திருக்க வேண்டும். உடலைத் தெரிந்துகொள்ள ஆடையில்லாத மாடலை வைத்து வரையும் வகுப்புக்குப் போக வேண்டும். அந்த வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே பெண்கள் பூ வரைந்தார்கள், இயற்கைக் காட்சி வரைந்தார்கள், முகம் வரைந்தார்கள். அப்புறம் 'பெண்களுக்குப் பூ வரையத்தான் வரும்' என்று எழுதினார்கள்.

வீட்டிலேயே பயிற்சி கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். இயற்கைக் காட்சி ஓவியர் அலெக்சாண்டர் நாஸ்மித் தன் ஆறு மகள்களுக்கும் ஓவியம் கற்றுக்கொடுத்தார். எடின்பரோவின் யார்க் பிளேஸ் வீட்டில் அந்த ஆறு பேரும் மற்றவர்களுக்கு வகுப்பு நடத்திச் சம்பாதித்தார்கள். அவர்களுடைய தம்பி ஜேம்ஸ் நீராவிச் சம்மட்டி கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். அண்ணன் பேட்ரிக் ஓவியராகப் பேசப்பட்டார். சகோதரிகளின் படங்கள் நெடுங்காலம் 'நாஸ்மித் குடும்பம்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடந்தன.

வேறு சிலர் நாட்டை விட்டே போனார்கள். டண்டீயில் 1723இல் பிறந்த கேத்தரின் ரீட் பாரிஸில் பேஸ்டல் கற்று, ரோமில் பழகி, லண்டனில் ராணி சார்லட்டை வரையும் அளவுக்கு உயர்ந்தார். கடைசியில் அவர் வந்தது சென்னைக்கு. 1777இல் தங்கையோ அக்காவோ பெற்ற மகள் ஹெலெனா பீட்சனுடன் கப்பலேறி மெட்ராஸ் வந்தார். ஹெலெனா இங்கே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் ஓக்லியை மணந்தார். அந்த ஓக்லி 1790களில் மெட்ராஸ் ஆளுநர் ஆனவர். ரீட் ஊர் திரும்பும் வழியில் 1778 டிசம்பரில் கடலிலேயே இறந்துபோனார். எடின்பரோவில் பள்ளியும் அகாடமியும் திறந்திருந்தால் இவ்வளவு தூரம் அலைந்திருப்பாரா தெரியாது.

நிலைமை மாறத் தொடங்கியது கிளாஸ்கோவில். 1882இலேயே அங்கே பெண் ஓவியர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1885இல் ஃபிரான்சிஸ் நியூபெரி கிளாஸ்கோ கலைப்பள்ளியின் தலைவரானார். மாணவிகளைச் சேர்த்தார், பெண்களை ஆசிரியர்களாகவும் வைத்தார். அவர் மனைவி ஜெஸ்ஸி 1894இல் தொடங்கிய எம்பிராய்டரி வகுப்பு அந்தப் பள்ளியின் முக்கியத் துறைகளில் ஒன்றானது. மார்கரெட் மெக்டொனால்டும் தங்கை ஃபிரான்சஸும் அங்கே படித்தவர்கள். மார்கரெட் 1911இல் தீட்டிய 'மர்மத் தோட்டம்' என்ற நீர்வண்ண ஓவியம் தேசியத் தொகுப்புக்கு வந்தது 2011இல். நூறு ஆண்டு!

சரி, படிக்க விட்டாயிற்று. பிறகு? இங்கேதான் வேலை விதி வருகிறது. ஓவியரின் சம்பாத்தியத்துக்குப் பெரும்பாலும் ஒரே வழி கலைப்பள்ளியில் ஆசிரியர் வேலை. சம்பளம், வேலை செய்ய அறை, மாணவர்கள், அதிகாரிகளின் பழக்கம் எல்லாம் அந்த வேலையோடு வரும். ஆனால் கல்யாணம் ஆன பெண் ஆசிரியை வேலையை விட வேண்டும் என்று விதி. ஸ்காட்லாந்தில் 1945 வரை அது நீடித்தது.

டாரதி ஜான்ஸ்டன் எடின்பரோ கலைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1923இல் 'மாடல் வகுப்பில் இடைவேளை' என்ற படத்தைத் தீட்டினார். வகுப்பு முழுக்கப் பெண்கள். மாடல் ஓய்வெடுக்கிறாள், ஒருத்தி கரும்பலகை அருகே இன்னொருத்தியின் வேலையைப் பார்க்கிறாள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் மூடியிருந்த அறை சர்வசாதாரணமான வேலையிடமாக மாறியிருக்கிறது. அடுத்த ஆண்டு, 1924இல், உடன் பணியாற்றிய டி.எம். சதர்லாந்தை மணந்தார். வேலை போய்விட்டது. கணவர் வேலையில் தொடர்ந்து, 1933இல் அபர்டீன் நகரின் கிரேஸ் கலைப்பள்ளித் தலைவர் ஆனார். ஜான்ஸ்டன் 1980 வரை வாழ்ந்தார். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் 1924க்கு முந்தைய படங்கள்தான். இந்த ஒரு தம்பதியை அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும், தொகுப்புகளில் இருக்கும் இடைவெளி எப்படி உண்டாகிறது என்பது விளங்கிவிடும். அந்தப் படம் இன்று தேசியக் கூடத்தில் இல்லை, எடின்பரோ நகரத்தின் தொகுப்பில் இருக்கிறது.

அவருடைய நெருங்கிய தோழி செசில் வால்ட்டன். 1920இல் அவர் தீட்டிய 'ரொமான்ஸ்' என்ற படத்துக்கு முன்னால் நின்றால் தலைப்பே கிண்டலோ என்று படும். பிரசவம் முடிந்த பெண் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். அது வால்ட்டனேதான். இடுப்புக்குக் கீழே மட்டும் வெள்ளைத் துணி. பிறந்த மகனை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்து, என்ன இது என்பதுபோல் ஆராய்கிறாள். செவிலி அவள் காலைத் துடைக்கிறாள். மூத்த பையன் கட்டில் ஓரத்திலிருந்து பார்க்கிறான். சாய்ந்து கிடக்கும் நிர்வாணப் பெண் என்ற ஐரோப்பிய ஓவிய மரபை எடுத்து, அந்தப் பெண்ணின் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டார். அம்மாவின் முகத்தில் உருகல் எதுவும் இல்லை. படம் வரைபவரின் உற்றுப்பார்வைதான் இருக்கிறது. இது இப்போது தேசியத் தொகுப்பின் உருவப்படக் கூடத்தில் இருக்கிறது, வால்ட்டன் இறந்து நெடுநாள் கழித்து வந்து சேர்ந்தது. கணவர் எரிக் ராபர்ட்சனோடு வாழ்க்கை முறிந்த பிறகு அவர் ஓவியம் குறைந்தது. 1930களில் வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தப் போய்விட்டார்.

1944, 1945

அகாடமியின் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 1938இல் ஜோசஃபின் ஹாஸ்வெல் மில்லர் இணை உறுப்பினரானார், முதல் பெண் அவர்தான். 1944இல் சிற்பி ஃபிலிஸ் போன் முழு உறுப்பினரானார். விலங்குகளைச் செதுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எடின்பரோ கோட்டைக்குள் இருக்கும் தேசியப் போர் நினைவகத்தில் அவர் செதுக்கிய விலங்குகளைப் பார்க்கலாம். 1952இல் ஆன் ரெட்பாத், முழு உறுப்பினரான முதல் பெண் ஓவியர்.

புதிய கூடங்களின் எல்லை 1945 என்று முதலில் சொன்னேன் அல்லவா? அந்த ஆண்டை யாரும் கெட்ட எண்ணத்தோடு தேர்ந்திருக்க மாட்டார்கள். போர் முடிந்த ஆண்டு, நவீனக் கலைக்கூடத்துக்கும் இதற்கும் பாகம் பிரிக்க வசதியான கோடு. ஆனால் விளைவைப் பாருங்கள். அகாடமி முதல் பெண்ணை முழு உறுப்பினராக ஏற்று ஓராண்டில், கல்யாண விதி நீங்கிய அதே ஆண்டில், கதை முடிந்துவிடுகிறது. மவுண்ட் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் சுற்றுலாப் பயணிக்கு ஸ்காட்லாந்துக் கலை என்பது பெண்கள் ஓரமாக நிற்கும் கதையாகத்தான் தெரியும். அவர்கள் நடுக்கூடத்துக்கு வந்த காலம் அங்கிருந்து நடந்து போனால் அரைமணி நேரத் தொலைவில், பெல்ஃபோர்டு சாலையில் இருக்கிறது. நானாக இருந்தால் அந்த எல்லைக்கோட்டை 1965க்குத் தள்ளியிருப்பேன்.

அதே ஆண்டை இன்னொருவர் ஏற்கெனவே எல்லையாக வைத்திருந்தார். 2015 நவம்பரில் நவீனக் கலைக்கூடத்தில் ஆலிஸ் ஸ்ட்ராங் தொகுத்த ஒரு கண்காட்சி தொடங்கியது. 1885 முதல் 1965 வரையிலான ஸ்காட்லாந்துப் பெண் ஓவியர்கள், சிற்பிகள். 45 பேர், 90க்கும் மேற்பட்ட படைப்புகள், 2016 ஜூன் வரை. தொடக்க ஆண்டு நியூபெரி கிளாஸ்கோவில் பதவியேற்றது, முடிவு ஆண்டு ரெட்பாத் இறந்தது. காலக்கோட்டைப் போரையும் அரசரையும் வைத்துப் பிரிக்காமல், பெண்களின் படிப்பையும் தொழிலையும் வைத்துப் பிரித்தார்கள். அதனால் கதையின் வடிவமே வேறாகிவிட்டது. படங்களை அருகருகே தொங்கவிட்டதைவிட அந்த இரண்டு ஆண்டுகளைத் தேர்ந்ததுதான் அந்தக் கண்காட்சியின் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்களை மட்டும் தனியாகக் கூட்டி வைப்பது இன்னொரு ஒதுக்கல் ஆகாதா என்ற கேள்வி எப்போதும் எழும். நியாயமான கேள்விதான். ஆனால் யார் யார் இருந்தார்கள் என்றே தெரியாத நிலையில் முதலில் ஆட்களை ஓரிடத்தில் கூட்டித்தான் ஆக வேண்டும்.

ரெட்பாத்தின் வாழ்க்கை அந்தக் கால அட்டவணைக்கு நல்ல சோதனை. 1895இல் காலாஷீல்ஸில் பிறந்தவர். அப்பா ட்வீட் துணிக்கு வடிவமைப்பு செய்தவர். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு பொட்டுச் சிவப்பு வைக்கும் பழக்கம் தனக்கு அப்பாவின் துணியிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1920இல் ஒரு கட்டடக் கலைஞரை மணந்து பிரான்சுக்குப் போனார். மூன்று மகன்கள். பதினான்கு ஆண்டுகள் பெரிதாக ஓவியம் இல்லை. அந்த ஆண்டுகளில் வீட்டு மேசை, அலமாரிகளில் பூவும் பறவையும் தீட்டிக்கொண்டிருந்தார். 1934இல் திரும்பி வந்தபோது வயது 39. தேசியத் தொகுப்பில் இருக்கும் 'இந்தியக் கம்பளம்' 1942 வாக்கில் தீட்டியது. ஒரு நாற்காலி, ஒரு கம்பளம், ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு. ஆழம் காட்டும் விதிகளைக் கண்டுகொள்ளாமல் கம்பளத்தை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டார். 'வீட்டுப் பொருள் ஓவியர்' என்று லேசாகச் சொல்லிவிடுவார்கள். பிரெஞ்சு ஓவியர் மட்டீஸ் அறைக்குள் இருந்த பொருளை வரைந்தபோது யாரும் அப்படிச் சொல்லவில்லை.

எர்ட்லி

நவீனக் கலைக்கூடத்தில் மக்கள் பெயர் சொல்லித் தேடி வரும் ஸ்காட்லாந்து ஓவியர் ஜோன் எர்ட்லி. அவர் ஒருவரே இந்த ஆய்வின் விதிவிலக்கு, அதனால்தான் முக்கியம். 1921இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு பால் பண்ணையில் பிறந்து, 1940இல் குடும்பத்தோடு கிளாஸ்கோ பக்கம் வந்து கலைப்பள்ளியில் சேர்ந்தார். (ட்ரக்வேர் அயர்லாந்து, போன் இங்கிலாந்து, எர்ட்லி இங்கிலாந்து. ஸ்காட்லாந்துப் பெண் ஓவியர்களில் எத்தனை பேர் ஸ்காட்லாந்தில் பிறக்கவில்லை என்பதே தனிக் கட்டுரைக்கு ஆகும்.)

நகரத்தில் டவுன்ஹெட் என்ற நெருக்கமான குடியிருப்பில் ஸ்டூடியோ வைத்திருந்தார். தெருப் பிள்ளைகள் படியேறி உள்ளே வருவார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த சாம்சன் குடும்பத்துக் குழந்தைகளை மட்டும் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். 1950 வாக்கில் தொடங்கிய 'தெருப் பிள்ளைகள்' முதல் கடைசி ஆண்டுகளின் 'குழந்தைகளும் சாக்பீஸ் சுவரும்' வரை பார்த்தால், பிள்ளைகள் மெல்ல மெல்லச் சுவரோடு கரைவது தெரியும். சுவரெழுத்தும் கம்பளிச் சட்டையும் ஒரே வண்ணப் பரப்பாகிவிடும். அழுக்கை அழகாக்கவும் இல்லை, அனுதாபத்துக்குக் காட்டவும் இல்லை. மாறுகண் பிள்ளை என்றால் மாறுகண்ணாகவே இருக்கும்.

மறுபக்கம் வடகிழக்குக் கடற்கரையில் கேட்டர்லைன் என்ற மீனவச் சிற்றூர். அங்கே புயல் அடிக்கும்போதுதான் வெளியே வரைவார். பலகை பறக்காமல் கயிறு கட்டிக் கல்லை வைத்து நிறுத்திக்கொண்டு கடலைத் தீட்டுவார். 1961இன் 'அலை' அப்படி வந்த படம். 1960இல் தீட்டிய ஒரு வயல் படத்தில் நிஜப் புல்லும் விதையும் சாயத்தோடு ஒட்டியிருக்கின்றன.

1955இல் அவர் தீட்டிய 'உறங்கும் நிர்வாணம்' என்ற படமும் இந்தத் தொகுப்பில் இருக்கிறது. மெலிந்த ஓர் ஆண், அவருடைய நண்பர் ஆங்கஸ் நீல், பெரிய கான்வாஸில் நீட்டிப் படுத்திருக்கிறார். கிளாஸ்கோவில் காட்சிக்கு வைத்தபோது பத்திரிகைகள் குதித்தன: ஒரு பெண் ஆணை நிர்வாணமாக வரைந்துவிட்டாளாம். மாடல் வகுப்புக்குள் பெண்ணை விடலாமா என்று பேசிய காலம் போய், வரைந்ததைச் சுவரில் மாட்டலாமா என்று பேசும் காலம் வந்திருந்தது. ஜான்ஸ்டனின் இடைவேளைப் படம், வால்ட்டனின் பிரசவக் கட்டில், எர்ட்லியின் இந்த ஆண். மூன்றையும் ஒரே அறையில் மாட்ட யாராவது ஒரு நாள் ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்றும் எடின்பரோவில்தான் இருக்கின்றன.

எர்ட்லி திருமணம் செய்துகொள்ளவில்லை. கலைப்பள்ளி வேலையை நம்பியும் இல்லை. சந்தையும் விமர்சகர்களும் உயிரோடு இருக்கும்போதே அவரைக் கவனித்தார்கள். 1955இல் அகாடமியின் இணை உறுப்பினர், 1963இல் முழு உறுப்பினர். அதே 1963 ஆகஸ்டில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார், 42 வயது. தேசியத் தொகுப்பில் அவருடைய எண்ணெய் ஓவியங்கள் பல இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையில் மிகுதி அவர் தாளில் கிறுக்கிய நூற்றுக்கணக்கான வரைபடங்கள்தான். அவற்றைக் கொடுத்தவர் அவருடைய தங்கை. விதிவிலக்கானவரின் லேபிளிலும் கடைசி வரி 'குடும்பத்தார் கொடை' என்றுதான் முடிகிறது.

தாளும் துணியும்

உள்ளே வந்துவிட்டால் கண்ணில் படுமா? அதற்குத் தடையாக நிற்பது வெளிச்சம். துணி, நீர்வண்ணம், அச்சுப்படம் ஆகியவற்றை 50 லக்ஸ் அளவு மங்கல் ஒளியில் சில மாதங்கள்தான் வைக்கலாம். பிறகு இருட்டுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் வெளுக்கும். எண்ணெய் ஓவியமோ ஆண்டுக்கணக்கில் சுவரிலேயே இருக்கும். பெண்கள் அதிகம் வேலை செய்தது முதல் வகையில். ஆகவே சமமாக வாங்கினால்கூடச் சமமாகக் காட்ட முடியாது. இதை யாருடைய ஓரவஞ்சனை என்றும் சொல்ல முடியாது, வேதியியல்.

மேபல் ராய்ட்ஸ் இதற்கு உதாரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பயணம் செய்த இவர், இங்கே கண்ட தெருக்காட்சிகளையும் ஆற்றங்கரைகளையும் பின்னாளில் வண்ண மரச்செதுக்கு அச்சுகளாக்கினார். கட்டை வாங்கக் காசு பார்த்து, உல்வொர்த் கடையில் ஆறு பென்னிக்குக் கிடைத்த ரொட்டி வெட்டும் பலகையில் செதுக்கியவர். எடின்பரோ கலைக் கல்லூரியில் கற்பித்தவரும்கூட. அவர் அச்சுகள் ஆண்டில் பெரும்பகுதி பெட்டிக்குள்தான் கிடக்கும்.

இன்றைய நிலை வேறு. ஓவியர் அலிசன் வாட்டுக்கு நவீனக் கலைக்கூடம் 2000இலேயே, அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தபோதே, தனிக் கண்காட்சி கொடுத்தது. பார்படாஸில் பிறந்து கிளாஸ்கோவில் வேலை செய்யும் அல்பர்ட்டா விட்டில் 2022இல் வெனிஸ் பியென்னாலே என்ற உலகக் கலைவிழாவில் ஸ்காட்லாந்தின் சார்பில் கலந்துகொண்டார், அடுத்த ஆண்டே அவருடைய படைப்புகள் நவீனக் கலைக்கூடத்தை நிறைத்தன. அகாடமிக்கு 2018இல் முதல் பெண் தலைவர், ஜாய்ஸ் கேன்ஸ். அவர்கள் வழி உயிலோ தங்கையோ அல்ல, நேரடிக் கொள்முதலும் அழைப்பும்.

எடின்பரோ போக வாய்ப்புள்ளவர்களுக்கு: மூன்று கூடங்களின் நிரந்தரத் தொகுப்புக்கும் நுழைவு இலவசம். மவுண்டில் ட்ரக்வேரையும், உருவப்படக் கூடத்தில் வால்ட்டனையும், பெல்ஃபோர்டு சாலையில் எர்ட்லியையும் ரெட்பாத்தையும் தேடலாம். காட்சி அடிக்கடி மாறும் என்பதால் கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. நகரத் தொகுப்பை வைத்திருக்கும் சிட்டி ஆர்ட் சென்டர் வேவர்லி ரயில் நிலையத்தை ஒட்டிய மார்க்கெட் தெருவில் இருக்கிறது, அதையும் விட வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் தாள் ஓவியங்களை, எர்ட்லியின் வரைபடங்களையும் ராய்ட்ஸின் அச்சுகளையும், முன்கூட்டியே எழுதிக் கேட்டு நேரம் வாங்கிக்கொண்டால் படிப்பறையில் மேசை மேல் எடுத்து வைத்துக் காட்டுவார்கள். ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்பதில்லை.